லோட்டோஃபாங்காவின் மகள் – 8: ஆறாவது நாற்காலி

சென்ற வாரம், 2020 செப்டம்பரில் ஃபியாமே நவோமி மாட்டாஃபா துணைப் பிரதமர் பதவியைத் துறந்து ஆளுங்கட்சியை விட்டு வெளியேறியதோடு நிறுத்தியிருந்தோம்.

சமோவாவின் முதல் பிரதமருடைய மகள் அவர். 1985 முதல் லோட்டோஃபாங்கா தொகுதியின் உறுப்பினர். 1991-இல் அந்த நாட்டு அமைச்சரவையில் இடம்பெற்ற முதல் பெண். 2016-இல் முதல் பெண் துணைப் பிரதமர். இத்தனையும் இருந்தும் அவர் வெளியே வந்ததற்குக் காரணம் மூன்று மசோதாக்கள்.

சமோவாவில் நிலமும் குலப்பட்டமும்தான் ஒரு மனிதருக்கு ஊரில் இடம் தருகின்றன. அவை குறித்த வழக்குகளை விசாரிக்கும் தனி நீதிமன்றத்தை உச்ச நீதிமன்றத்தின் மேற்பார்வையிலிருந்து பிரித்து, அதற்குச் சமமாக நிறுத்த அரசு முனைந்தது. அந்த வழக்குகளில் ஒருவருடைய அடிப்படை உரிமை பறிபோனால் உச்ச நீதிமன்றத்தில் முறையிடும் வழி அடைபடும் என்று வழக்கறிஞர்கள் எச்சரித்தார்கள். ஃபியாமேயும் அதையே சொன்னார். கேட்பார் இல்லை. டிசம்பரில் மசோதாக்கள் நிறைவேறின. ஆதரவு 41, எதிர்ப்பு 4.

உச்ச நீதிமன்றத்தின் அதிகாரத்துக்காகப் பதவியை விட்டவர், எட்டே மாதங்களில் அதே நீதிமன்றத்தின் தீர்ப்பை நம்பி நிற்க நேர்ந்தது. 2021 தேர்தலைத் தொடர்ந்த நாற்பத்தைந்து நாட்களின் கதைதான் இந்த வாரம்.

* * *

அசைக்க முடியாத கட்சி

2021 ஏப்ரல் 9, வெள்ளிக்கிழமை. சமோவா வாக்களித்தது.

துய்லாயெபா சைலேலே 1998 நவம்பரிலிருந்து பிரதமர். உலகிலேயே மிக நீண்ட காலம் அந்தப் பதவியில் இருந்தவர்களில் ஒருவர். அவருடைய மனித உரிமைப் பாதுகாப்புக் கட்சியோ 1982 முதல், இடையில் ஒரு சிறு காலம் தவிர, ஆட்சியிலேயே இருந்தது. 2016 தேர்தலுக்குப் பின் 50 உறுப்பினர்களில் 47 பேர் அந்தக் கட்சி. எதிர்க்கட்சி என்று சொல்லிக்கொள்ளக்கூட ஆள் போதவில்லை.

எதிரே நின்றது ஃபாஸ்ட் கட்சி. முன்னாள் அமைச்சர் லாவுலி 2020-இல் தொடங்கியது; பிறந்து ஓராண்டுகூட ஆகவில்லை. 2021 ஜனவரியில் ஃபியாமே அதில் சேர்ந்தார். மார்ச்சில் தலைவரானார்.

புதிய கட்சி சொகுசாக உட்கார்ந்து வாக்குக் கேட்கவில்லை. ஊர் ஊராகப் போனது. அந்தக் கூட்டங்களை நியூசிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் வாழும் சமோவாக்காரர்கள் கைப்பேசியில் நேரலையாகப் பார்த்தார்கள். ஊரிலிருக்கும் உறவுகளோடு பேசினார்கள். 2019 இறுதியில் தட்டம்மை 83 உயிர்களைக் கொண்டுபோயிருந்தது. அவர்களில் பெரும்பாலோர் சின்னஞ்சிறு குழந்தைகள். அந்தத் துக்கமும் கோபமும் ஆறவில்லை. மூன்று மசோதாக்கள் அதன் மேல் வந்து விழுந்திருந்தன.

ஆனால் ஆளுங்கட்சியை அதிகம் சாய்த்தது அதன் சொந்தப் பழக்கம்.

ஒரே தொகுதியில் தன் கட்சிக்காரர்கள் இரண்டு மூன்று பேரை நிற்கவிடுவது அந்தக் கட்சியின் வழக்கம். யார் வென்றாலும் நம்மவர்தானே என்ற கணக்கு. வலுவான எதிரி இல்லாத காலத்தில் அது பலித்தது. 2021-இல் எதிரே ஃபாஸ்ட் பெரும்பாலும் ஒரே வேட்பாளரை நிறுத்தியது. ஆளுங்கட்சியின் வாக்குகள் சிதறின. நாடு முழுவதும் பதிவான வாக்குகளில் பாதிக்கு மேல் வாங்கியும் அது தொகுதிகளைப் பறிகொடுத்தது. மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றே மேல் வாங்கிய ஃபாஸ்ட், அதற்குச் சமமான இடங்களோடு வந்து நின்றது.

இறுதி முடிவு வந்தபோது நாடு மூச்சடைத்துப்போனது.

ஆளுங்கட்சி 25. ஃபாஸ்ட் 25. சுயேச்சை ஒருவர்.

* * *

ஒரு மனிதர், ஒரு நாடு

அந்த ஒருவர் துவாலா இயோசெஃபோ பொனிஃபாசியோ. சவாயி தீவிலிருந்து வென்றவர். 51 பேர் கொண்ட அவையில் அவர் எந்தப் பக்கம் சாய்கிறாரோ அந்தப் பக்கம் ஆட்சி. இரு தரப்பும் அவரோடு பேசின. அவர் அவசரப்படவில்லை.

ஏப்ரல் 20, செவ்வாய். துவாலாவின் முடிவுக்காக எல்லாரும் காத்திருந்த நேரத்தில், தேர்தல் ஆணையரிடமிருந்து யாரும் எதிர்பாராத ஓர் அறிவிப்பு வந்தது.

சட்டசபையில் கூடுதலாக ஒரு பெண் உறுப்பினர் சேர்க்கப்படுகிறார் என்றது அது. பெயர், அலீமலேமானு அலோஃபா. கடந்த சபையில் உறுப்பினராக இருந்து, இந்தத் தேர்தலில் தோற்றவர். கட்சி, ஆளுங்கட்சி.

ஆளுங்கட்சி 26 ஆனது.

மறுநாள் துவாலா தன் முடிவைச் சொன்னார். அவர் ஃபாஸ்ட்டில் சேர்ந்தார். ஒரு நாள் முன்னதாகச் சொல்லியிருந்தால் ஃபியாமேவுக்கு 26–25 என்று பெரும்பான்மை. இப்போது 26–26.

எங்கிருந்து வந்தது இந்த ஆறாவது நாற்காலி?

* * *

பெண்களுக்காக எழுதிய சட்டம்

இதைப் புரிந்துகொள்ள 2013-க்குப் போக வேண்டும்.

சமோவாவில் தேர்தலில் நிற்க வேண்டுமானால் மதாய் ஆக இருக்க வேண்டும்; அதாவது குடும்பத்தின் தலைமைப் பட்டம் பெற்றிருக்க வேண்டும். 1990 வரை பெரும்பாலான இடங்களுக்கு வாக்குரிமையே மதாய்களுக்கு மட்டும்தான். வயது வந்த எல்லாருக்கும் வாக்கு என்று பிறகு மாறியது. ஆனால் வேட்பாளர் மதாயாக இருக்க வேண்டும் என்ற விதி அப்படியே நின்றது. மதாய் பட்டம் பெறும் பெண்கள் குறைவு. பெண்ணுக்கு அந்தப் பட்டம் தருவதே இல்லை என்று வைத்திருக்கும் கிராமங்களும் உண்டு. ஆகவே சட்டசபையில் பெண்களைத் தேட வேண்டியிருந்தது.

2013-இல் அரசியலமைப்பு திருத்தப்பட்டது. சபையில் பெண்கள் குறைந்தது 10 விழுக்காடு இருக்க வேண்டும். அந்த எண்ணிக்கை எட்டாவிட்டால், தோற்ற பெண் வேட்பாளர்களில் அதிக விழுக்காடு வாக்கு பெற்றவரைக் கூடுதல் உறுப்பினராகச் சேர்க்க வேண்டும். அன்று நீதித்துறை அமைச்சராக இருந்தவர் ஃபியாமே. 2016-இல் நான்கு பெண்கள் வென்றபோது ஐந்தாவதாக ஒருவர் இப்படித்தான் உள்ளே வந்தார். சட்டம் தன் வேலையைச் செய்தது.

2021-இல் வென்ற பெண்கள் ஐந்து பேர். சபையின் இடங்கள் 51. ஐந்தை 51-ஆல் வகுத்தால் 9.8 விழுக்காடு. பத்துக்கு மிகச் சற்றுக் குறைவு. ஆகவே ஆறாவது பெண் வேண்டும் என்றது தேர்தல் ஆணையரின் தரப்பு.

ஆனால் அரசியலமைப்பின் அதே பிரிவு, 10 விழுக்காடு என்பது தற்போது 5 என்று எண்ணிக்கையையும் எழுதியே வைத்திருந்தது. எழுதியபோது சபையில் 49 இடங்கள். பிறகு இடங்கள் 51 ஆயின. அந்த 5 மாறவில்லை. அப்படியானால் எது சட்டம்? விழுக்காடா, எண்ணா?

இரண்டு வாசிப்பிலும் நியாயம் இருக்கிறது. பெண்களின் இடம் கூட வேண்டும் என்று நினைக்கிறவர்கள் ஆறாவது பெண்ணை எதிர்ப்பது எளிதல்ல. ஃபாஸ்ட் கட்சிக்கும் அது சங்கடம்தான். ஆனால் அந்த நாற்காலி போடப்பட்ட நேரத்தைப் பாருங்கள். சுயேச்சை உறுப்பினர் வாய் திறப்பதற்கு முந்தைய நாள் அது. பெண்களை உள்ளே கொண்டுவர எழுதிய சட்டம், நாட்டின் முதல் பெண் பிரதமருக்குக் கிடைக்கவிருந்த ஒரே ஓர் இடப் பெரும்பான்மையை அழித்தது. வேலி பயிரை மேய்ந்தது.

ஃபியாமே தெருவில் இறங்கவில்லை. அவருடைய கட்சி உச்ச நீதிமன்றத்துக்குப் போனது.

* * *

இரண்டாம் தேர்தல்

வழக்கு நீதிமன்றத்தில் இருக்கும்போதே அடுத்த அடி விழுந்தது.

மே 4. நாட்டுத் தலைவர் துய்மாலேயாலீஃபானோ தொலைக்காட்சியில் தோன்றினார். எந்தக் கட்சிக்கும் பெரும்பான்மை இல்லை. ஆகவே மே 21-இல் மறுதேர்தல் என்றார்.

சமோவாவின் நாட்டுத் தலைவர் பதவி, பெரும்பாலும் பிரதமரின் ஆலோசனைப்படி நடக்கும் பதவி. ஆனால் மக்கள் மனத்தில் அதன் உயரம் வேறு. நாட்டின் நான்கு பெருங்குலப் பட்டங்களில் ஒன்று துய்மாலேயாலீஃபானோ. இன்னொன்று மாட்டாஃபா, ஃபியாமேயின் தந்தை சுமந்த பட்டம். இப்படிப்பட்ட குலத்தில் பிறந்த ஒருவர், அப்படிப்பட்ட குலத்தலைவரின் ஆணையை எதிர்த்து வழக்காடுவது சமோவாவில் சாதாரணக் காரியம் அல்ல. மூத்தோர் சொல்லுக்குப் பணிவதுதான் அங்கே வளர்ப்பு.

ஃபியாமே பணிவைக் கைவிடவில்லை. ஆணை அரசியலமைப்புக்குள் வருகிறதா என்ற கேள்வியையும் கைவிடவில்லை. ஒரு முறை வாக்களித்து முடிந்திருக்கிறது. சபை ஒரு நாள்கூடக் கூடவில்லை. யாருக்குப் பெரும்பான்மை என்பதைச் சபையில் எண்ணிப் பார்க்காமலே மறுதேர்தல் எப்படி வரும்?

மே 17, திங்கள். உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

ஆறாவது பெண்ணின் நியமனம் செல்லாது. அரசியலமைப்பு 5 என்று சொல்லியிருக்கிறது, ஐவர் வென்றுவிட்டார்கள். மே 21 மறுதேர்தலும் செல்லாது. ஏப்ரல் 9-இல் மக்கள் சொன்னதுதான் முடிவு.

ஃபாஸ்ட் 26. ஆளுங்கட்சி 25.

ஆளுங்கட்சி மேல்முறையீட்டுக்குத் தயாரானது. ஆனால் அதற்குள் இன்னொரு கெடு நெருங்கிக்கொண்டிருந்தது. தேர்தல் முடிந்து 45 நாட்களுக்குள் சட்டசபை கூடியாக வேண்டும் என்கிறது அரசியலமைப்பு. ஏப்ரல் 9-லிருந்து எண்ணினால் 45-ஆவது நாள் மே 24.

மே 20-இல் நாட்டுத் தலைவர், சபை மே 24-இல் கூடும் என்று பிரகடனம் செய்தார். முடிந்தது என்றே எல்லாரும் நினைத்தார்கள்.

* * *

சனி இரவும் ஞாயிறும்

மே 22, சனிக்கிழமை இரவு. நாட்டுத் தலைவரிடமிருந்து மற்றொரு பிரகடனம். சபைக்கூட்டம் நிறுத்திவைக்கப்படுகிறது. காரணம் பின்னர் அறிவிக்கப்படும்.

காரணம் சொல்லாத அந்த ஆணையைப் பார்த்ததும், இது ஆட்சிக் கவிழ்ப்பு என்று ஃபியாமே வெளிப்படையாகவே சொன்னார். 36 ஆண்டுகள் சபையில் இருந்து, ஒவ்வொரு சொல்லையும் எண்ணிப் பேசிப் பழகியவர் அவர். அவர் வாயிலிருந்து அந்தச் சொல் வந்ததே நிலைமையின் கடுமையைக் காட்டியது.

மறுநாள் ஞாயிறு. சமோவாவில் ஞாயிறு என்றால் தேவாலயம், பிறகு குடும்பத்தோடு விருந்து, பிறகு ஓய்வு. தெருக்கள் அடங்கிக் கிடக்கும். அப்படிப்பட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமையில் உச்ச நீதிமன்றம் கூடியது. விடிந்தால் கெடு. வேறு நாள் இல்லை.

நீதிபதிகள் சனி இரவுப் பிரகடனத்தை ரத்துச் செய்தார்கள். மே 24-இல் சபை கூட வேண்டும் என்ற முந்தைய பிரகடனமே செல்லும் என்றார்கள்.

அன்று மாலையே, பதவிக்காலம் முடியும் நிலையிலிருந்த சபாநாயகர், தான் நாட்டுத் தலைவரின் ஆணைக்கே கட்டுப்படுவதாக அறிவித்தார்.

ஒரே நாட்டில் ஒரே கட்டடத்துக்கு இரண்டு ஆணைகள். ஒன்று திறக்கச் சொன்னது. இன்னொன்று மூடச் சொன்னது. சாவி யாரிடம் இருக்கிறதோ அவர் எதற்குக் கீழ்ப்படிவார்?

* * *

பூட்டிய கதவு

மே 24, திங்கள். ஆப்பியா நகரின் மேற்கு ஓரத்தில் கடலுக்குள் நீண்டிருக்கிறது முலினுவு நிலமுனை. அங்கேதான் 2019-இல் திறக்கப்பட்ட புதிய சட்டசபைக் கட்டடம். வாசலில் காவலர்கள் நின்றார்கள். கதவு பூட்டியிருந்தது.

காலையில் தலைமை நீதிபதி சாத்தியு சிமத்திவா பெரெசே வந்தார். அங்கியும் வெள்ளைப் பொய்முடியும் அணிந்து, சக நீதிபதிகளோடு வந்தார். சபை தொடங்கும் நாளில் நாட்டுத் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும் நடக்கும் சடங்கில் தலைமை நீதிபதி பங்கேற்பது மரபு. தன் கடமை என்னவோ அதைச் செய்ய அவர் வந்தார். கதவருகே போனார். திறக்கவில்லை. திரும்பிப் போனார்.

ஒரு நாட்டின் தலைமை நீதிபதி, தன் நீதிமன்றம் திறக்கச் சொன்ன கதவின் முன் நின்றுவிட்டுத் திரும்பினார். அன்று அங்கே இருந்தவர்கள் கண்ணால் பார்த்தது அதை. மூன்று மசோதாக்கள் வந்தபோது ஃபியாமே எதற்கு அஞ்சினாரோ அது மசோதாவின் வாசகத்தில் இல்லாமல் கதவின் பூட்டில் வந்து நின்றது.

பிறகு ஃபியாமே வந்தார். அவரோடு அவர் கட்சி உறுப்பினர்கள். சிவப்பு உடையில் ஆதரவாளர்கள் திரண்டிருந்தார்கள். சபையின் செயலாளர் வெளியே வந்து பேசினார். உள்ளே விட முடியாது என்பதே அந்தப் பேச்சின் சாரம்.

இந்த இடத்தில்தான் நாட்டின் போக்கு தீர்மானமானது என்று நினைக்கிறேன்.

கூட்டம் பெரிது. காவலர்கள் குறைவு. நீதிமன்றத் தீர்ப்பு கையில் இருக்கிறது. கதவை உடைத்தாலும் சட்டம் எங்கள் பக்கம் என்று சொல்லியிருக்கலாம். ஒரு கல் பறந்திருந்தால், ஒரு கண்ணாடி நொறுங்கியிருந்தால், சபை கூடாததற்கு அடுத்த நாள் ஒரு காரணம் கிடைத்திருக்கும். அமைதி குலைந்தது என்று சொல்லி எத்தனை வாரம் வேண்டுமானாலும் பூட்டி வைத்திருக்கலாம்.

ஃபியாமே தம் மக்களை அமைதியாக இருக்கச் சொன்னார். அவர்கள் புல்வெளியில் அமர்ந்து பக்திப் பாடல்கள் பாடினார்கள். காத்திருந்தார்கள். நண்பகல் கடந்தது.

கெடு நள்ளிரவோடு முடியும்.

* * *

கூடாரம்

மாலையில் சட்டசபைக் கட்டடத்தின் முன் புல்வெளியில் ஒரு வெள்ளைக் கூடாரம் எழுந்தது.

அதன் கீழ் நாற்காலிகள் போட்டார்கள். ஒரு மேசை வைத்தார்கள். ஜெபம் செய்தார்கள். ஃபாஸ்ட் உறுப்பினர்கள் ஒவ்வொருவராகப் பதவி உறுதிமொழி எடுத்தார்கள். உறுதிமொழியை ஏற்க நாட்டுத் தலைவர் இல்லை. தலைமை நீதிபதியும் இல்லை. கட்சியின் வழக்கறிஞர்கள் முன்னிலையில் எல்லாம் நடந்தது. பாப்பாலீ லியோ மாசிபாவு சபாநாயகர் ஆனார். ஃபியாமே நவோமி மாட்டாஃபா பிரதமராக உறுதிமொழி எடுத்தார். அமைச்சர்களும் எடுத்தார்கள்.

64 வயது. 20-ஐத் தாண்டும் முன்பே தந்தையை இழந்து, தந்தையின் ஃபியாமே பட்டத்துக்காக நீதிமன்றம் ஏறி, அதை வென்றவர் அவர் என்பதை இத்தொடரின் தொடக்கத்தில் பார்த்தோம். பட்டத்தையும் அவருக்கு ஒரு நீதிமன்றம்தான் உறுதி செய்தது. பிரதமர் பதவியையும் நீதிமன்றமே உறுதி செய்ய வேண்டியிருந்தது.

துய்லாயெபா அன்றே பதிலடி கொடுத்தார். இது தேசத்துரோகம் என்றார். பிரதமர் நானே, ஒரே அரசு என் அரசே என்றார். அவர் சொன்னதில் ஒரு நடைமுறை உண்மை இருந்தது. அலுவலகங்கள் அவரிடம். கோப்புகள் அவரிடம். கூடாரத்தில் உறுதிமொழி எடுத்தவர்களுக்கு அமர ஓர் அறைகூட இல்லை.

வெளியுலகம் தயங்கியது. நியூசிலாந்தும் ஆஸ்திரேலியாவும் சட்டத்தின் ஆட்சியை மதிக்கும்படி கேட்டுக்கொண்டன. எந்தப் பெயரையும் சொல்லவில்லை. மைக்ரோனேசியாவின் அதிபர் டேவிட் பனுவேலோதான் முதலில் ஃபியாமேயைப் பிரதமர் என்று அழைத்து வாழ்த்தினார். பெரிய நாடுகள் கணக்குப் பார்த்த வேளையில் ஒரு சிறிய தீவுநாடு வெளிப்படையாகப் பக்கம் நின்றது.

* * *

இரண்டு பிரதமர்கள்

சமோவாவுக்கு இராணுவம் கிடையாது. தளபதி யார் பக்கம் என்று பார்த்து முடிவு கட்டும் நாடு அல்ல அது. இருப்பது காவல்துறையும் அரசு ஊழியர்களும் நீதிமன்றமும்தான். ஆகவே கேள்வி ஆயுதத்தைப் பற்றியதாக இல்லாமல் கீழ்ப்படிதலைப் பற்றியதாக ஆனது. தோற்றவர் தீர்ப்பை ஏற்கும்போதுதான் தேர்தல் முழுமையடைகிறது. 2021 மே 24 இரவில் சமோவாவின் தேர்தல் முழுமையடையவில்லை.

அதைவிடப் பெரிய ஆபத்து வேறிடத்தில் காத்திருந்தது. ஆறாவது பெண்ணின் நியமனத்தை ரத்துச் செய்த தீர்ப்பை எதிர்த்து மேல்முறையீடு நிலுவையில் இருந்தது. 10 விழுக்காடு என்றால் ஐவர் போதாது, அறுவர் வேண்டும் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டால் என்ன ஆகும்? 26–25 மறுபடியும் 26–26 ஆகுமா? அப்படி ஆனால் புல்வெளிக் கூடாரத்தில் எடுத்த உறுதிமொழிக்கு மதிப்பு உண்டா?

ஒன்பது நாட்கள் கழித்து, ஜூன் 2-இல் அந்த நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பில் இரு தரப்புமே வென்றதாக அறிவித்துக்கொள்ள இடமிருந்தது. அது எப்படி என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)